மூன்று நிற ஒயரும் ஒரு பழைய டி.வி.யும்

"அதெல்லாம் ஆம்பளைங்க வேலை, நமக்கெதுக்கு வம்பு?" என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் வேலைகளைக் கணக்கெடுத்தால் ஒரு நாற்பது பக்க நோட்டு போதாது. பத்துப் பேருக்கு ஒற்றை ஆளாகச் சமைத்துப் போடுவோம், குழந்தைக்கு நடுராத்திரியில் காய்ச்சல் என்றால் பதறாமல் கைவைத்தியம் பார்ப்போம். ஆனால் டி.வி.க்குப் பின்னால் ஒரு ஒயரைச் செருக வேண்டுமென்றால் மட்டும், "அவர் வரட்டும், பையன் வரட்டும்" என்று உட்கார்ந்துவிடுவோம். நானும் அந்த ரகம்தான். ஒன்பது மாதம் அப்படி உட்கார்ந்திருந்தேன். அதில் நஷ்டப்பட்டது நான் அல்ல, என் மாமியார். அந்தக் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன் சகோதரிகளே.

எங்கள் அத்தைக்கு 76 வயது. போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஹாலுக்கு வந்து உட்காருவது குறைந்துவிட்டது. அவர்கள் அறையிலேயே எங்கள் பழைய 21 அங்குல டி.வி.யை வைத்துக் கொடுத்திருக்கிறோம். 2001-ம் வருஷம் பொங்கலுக்கு என் மாமனார் வாங்கியது. பின்பக்கம் பானை மாதிரி துருத்திக்கொண்டு இருக்கும். "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுவோம்" என்று என் வீட்டுக்காரர் சொன்னால், "நல்லா ஓடுற பொட்டியை எதுக்கு தூக்கிப் போடணும்? அது உங்கப்பா வாங்கினது" என்று அத்தை முடித்துவிடுவார்கள்.

எங்கள் கல்யாணம் 2002-ல் விருதுநகரில் நடந்தது. அப்போது எடுத்த வீடியோ கேசட்டை 2008-ல் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து டி.வி.டி. தட்டாக மாற்றி வைத்தோம். மாமா 2011-ல் தவறிவிட்டார். அவர் நடப்பதும் பேசுவதும் இருப்பது அந்த ஒரு தட்டில்தான். புதுசாக ஹாலில் டி.வி. மாட்டியபோது டி.வி.டி. பிளேயரைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டாயிற்று. அதோடு அந்தத் தட்டையும் மறந்தாயிற்று.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் அத்தை கேட்டார்கள். "ஏம்மா, அந்தக் கல்யாணப் படத்தை இந்தப் பொட்டியில போட முடியுமா?"

"உங்க பேரன் வரட்டும் அத்தை, அவன் ஒரு நிமிஷத்துல போட்டுடுவான்" என்றேன். பையன் கோயமுத்தூரில் படிக்கிறான். தீபாவளிக்கு வந்தான். இரண்டு நாள் சிநேகிதர்களோடு சுற்றினான், போனான். அத்தை மறுபடி கேட்டார்கள். "பொங்கலுக்கு லீவு இருக்கு அத்தை" என்றேன். பொங்கலும் போயிற்று. அதற்கப்புறம் அவர்கள் கேட்கவே இல்லை. கேட்காமல் இருந்ததுதான் என்னைக் குத்தியது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ கையை வச்சு எதையாவது புகைய விட்டுடாதே, ஞாயித்துக்கிழமை பாப்போம்" என்றார். அப்படி எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்து போனது என்று உங்களுக்கே தெரியும்! ஒரு புதன்கிழமை மதியம், பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "இன்னிக்கு இதை முடிச்சிடறது" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு பரணில் ஏறிவிட்டேன்.

முதலில் இரண்டு பிளக்கையும் சுவரிலிருந்து உருவினேன். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வெளியே இருக்கும் ஓட்டைகளில் ஒயர் செருகுவதில் ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் பழைய குழாய் டி.வி.யின் பின்மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்கவே கூடாது. உள்ளே படக் குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது காலம் தேங்கி நிற்கும். அது மெக்கானிக்கின் வேலைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு டி.வி.யின் பின்பக்கத்தை என் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று பின்னால் தெரிய வேண்டுமே! கோலத்துக்குப் புள்ளி வைப்பது மாதிரி, இந்த ஒரு வேலையை முதலில் செய்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

டி.வி.யில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஓட்டைகள் இரண்டு வரிசையாக இருந்தன. மஞ்சள் படத்துக்கு. வெள்ளை இடது பக்கச் சத்தத்துக்கு, சிவப்பு வலது பக்கச் சத்தத்துக்கு. ஒரு வரிசையில் 'இன்' என்று போட்டிருக்கும், இன்னொன்றில் 'அவுட்'. 'இன்' என்றால் டி.வி.க்குள் வருவது, 'அவுட்' என்றால் வெளியே போவது. பிளேயரில் 'அவுட்', டி.வி.யில் 'இன்'. இது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும். குழாயிலிருந்து குடத்துக்குத் தண்ணீர் வருகிற மாதிரிதான்.

ஆனால் எங்கள் டி.வி.யின் 'இன்' வரிசையில் ஏற்கெனவே கேபிள் செட்டாப் பாக்ஸின் ஒயர் உட்கார்ந்திருந்தது. முன்னெல்லாம் கேபிள் ஒயர் நேராக ஆன்டெனா ஓட்டைக்குள் போகும். அப்போது இந்த மூன்று ஓட்டையும் சும்மா இருக்கும், பிளேயரைத் தாராளமாக மாட்டலாம். கேபிள் டிஜிட்டலாக மாறி பாக்ஸ் வந்த பிறகு அந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது. சில டி.வி.க்களில் பக்கவாட்டிலோ முன்னால் சின்ன மூடிக்குள்ளோ இன்னொரு செட் ஓட்டை இருக்கும். எங்களுடையதில் இல்லை. அதனால் பாக்ஸின் ஒயரை உருவிவிட்டு, அங்கே பிளேயரின் ஒயரைச் செருகினேன்.

"என்னம்மா பண்றே? ஏழு மணி சீரியல் போயிடாதே?" என்று அத்தை கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார்கள்.

"போகாது அத்தை, அதுக்குள்ள திரும்ப மாட்டிடறேன்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நம்பிக்கை இல்லை.

இரண்டு பிளக்கையும் போட்டு ஸ்விட்சைத் தட்டினேன். பிளேயரில் பச்சை விளக்கு எரிந்தது. டி.வி.யில் வெறும் நீலத் திரை. வயிற்றைக் கலக்கியது. "புகைய விட்டுட்டேனோ?" என்று மோந்துகூடப் பார்த்தேன். பிறகு போட்டோவை எடுத்துப் பார்த்தால், இருட்டில் தடவித் தடவி 'அவுட்' வரிசையில் செருகி வைத்திருக்கிறேன்! மாற்றிச் செருகியதும் பிளேயரின் பெயர் திரையில் பளிச்சென்று வந்தது.

இங்கே ஒரு விஷயம். எங்கள் டி.வி. செட்டாப் பாக்ஸுக்காக ஏற்கெனவே 'ஏ.வி.'யில் இருந்தது. உங்கள் டி.வி. சேனலில் இருந்தால், ரிமோட்டில் 'ஏ.வி.' அல்லது 'டி.வி./வீடியோ' என்று போட்ட பட்டனை அழுத்தினால்தான் பிளேயர் தெரியும். சிலவற்றில் சேனல் 0-வுக்குப் போக வேண்டியிருக்கும். ஒயரெல்லாம் சரியாக இருந்தும் படம் வரவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சரி, கல்யாணத் தட்டைப் போட்டேன். சுற்றியது, சுற்றியது, கடைசியில் 'நோ டிஸ்க்' என்று எழுதிக் காட்டியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அத்தையிடம் என்னவென்று சொல்வது? இருப்பது ஒரே ஒரு தட்டு.

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு யோசித்தேன். சாம்பாரில் ருசி கெட்டால் உப்பா புளியா என்று ஒவ்வொன்றாகத்தானே பார்ப்போம்? பையன் சின்ன வயதில் பார்த்த குழந்தைப் பாட்டுத் தட்டு ஒன்று அலமாரியில் இருந்தது. அதைப் போட்டேன். ஓடியது! ஆக, பிளேயர் கெட்டுப் போகவில்லை, கோளாறு தட்டில்தான் என்று தெரிந்தது.

ஆனால் பாட்டோடு கூடவே ஒரு பக்கத்தில் 'உர்ர்ர்' என்று மாவு மில் மாதிரி ஒரு சத்தம். மறுபடி பின்னால் போய்ப் பார்த்தேன். பிளேயரின் பின்னால் இரண்டு சிவப்பு ஓட்டைகள் இருக்கின்றன சகோதரிகளே! ஒன்று வெள்ளையின் ஜோடி, அது சத்தத்துக்கு. இன்னொன்று பச்சை, நீலம், சிவப்பு என்ற மூவரணியில் ஒன்று. அது படத்துக்கு. நான் சத்த ஒயரைப் படத்தின் சிவப்பில் செருகியிருக்கிறேன். அதுதான் அந்த உறுமல். அதே மாதிரி மஞ்சள் ஒயரைத் தவறிப் பச்சையில் செருகிவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் வேறு வகை டி.வி.க்கானவை. பழைய டி.வி.க்காரர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இனி தட்டு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கைரேகையும் மங்கலான படிவும். மெல்லிய பழைய பருத்தித் துணியை லேசாக ஈரமாக்கி, நடு ஓட்டையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோடாகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தட்டில் பதிவு வட்டமாகத்தான் ஓடுகிறது. அதே திசையில் ஒரு கீறல் விழுந்தால் நீளத்துக்குப் பதிவு போய்விடும். குறுக்கே விழும் சின்னக் கீறலைப் பிளேயர் சமாளித்துக்கொள்ளும். நகப்பூச்சு அழிக்கும் திரவம், தின்னர் எதுவும் ஆகாது, தட்டு வெளுத்துப் போகும். நன்றாக உலர்ந்த பிறகு, பெருமாளை வேண்டிக்கொண்டு மறுபடி போட்டேன்.

நாதஸ்வரம் கேட்டது.

அத்தையைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தேன். மண்டப வாசலில் மாமா சந்தன நிறச் சட்டையில் நின்று, வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். காமிராக்காரரைப் பார்த்து, "தம்பி, நீங்க சாப்பிட்டீங்களா? முதல்ல போய் சாப்பிடுங்க" என்றார். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று!

அத்தை அழுவார்கள் என்று நினைத்து நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர்கள் அழவில்லை. "பாரு, வாய் நிறைய வெத்திலையைப் போட்டுக்கிட்டு வந்தவங்களை வாங்கன்னு சொல்றாரு. வேணாம்னு அன்னைக்கே சொன்னேன், கேட்டாரா?" என்று திட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வாசல்ல நிக்கிறதை மட்டும் இன்னொரு தரம் போடு தாயி" என்றார்கள். போட்டேன். ஏழு மணி சீரியலை அன்று யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "அப்பா குரல் கேட்குதே!" என்றார். "ஆமா, ஞாயித்துக்கிழமை இன்னிக்கே வந்துடுச்சு" என்றேன். மனுஷர் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

இதில் நான் கற்றுக்கொண்ட இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஒன்றில்லாவிட்டால் ஒன்று உதவும்.

தினமும் ஒயரை உருவி மாட்டுவது கஷ்டம், ஓட்டையும் தளர்ந்துவிடும். கடையில் 'ஏ.வி. ஸ்விட்ச்' என்று ஒரு சின்னப் பெட்டி கிடைக்கிறது. கேபிள் பாக்ஸ் ஒயர் ஒரு பக்கம், பிளேயர் ஒயர் ஒரு பக்கம், அதிலிருந்து ஒரு ஒயர் டி.வி.க்கு. பட்டனை அமுக்கினால் சீரியல், மறுபடி அமுக்கினால் கல்யாணம். மறுநாளே வாங்கி மாட்டிவிட்டேன்.

சின்ன டி.வி.க்களில் மஞ்சளும் வெள்ளையும் மட்டும்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், சிவப்பு ஒயரைச் சும்மா தொங்கவிடுங்கள்.

சினிமாத் தட்டுப் போட்டால் பாட்டு காதைப் பிளக்கிறது, பேச்சு மட்டும் கேட்கவே மாட்டேன் என்கிறது என்று என் நாத்தனார் சொல்வாள். ஆறு ஸ்பீக்கருக்காகப் பிரித்த சத்தம் அது. பேச்சு நடு ஸ்பீக்கருக்குப் போய்விடும், அது நம்மிடம் இல்லை. பிளேயர் ரிமோட்டில் 'செட்டப்' அமுக்கி, ஆடியோ பகுதியில் 'டவுன்மிக்ஸ்' என்பதை 'ஸ்டீரியோ' என்று வைத்தால் பேச்சு தெளிவாகிவிடும். ஆட்கள் எல்லாம் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிந்தால், அதே செட்டப்பில் டி.வி. வகையை 16:9-லிருந்து 4:3-க்கு மாற்றுங்கள். ஒயர் எல்லாம் சரியாக இருந்தும் படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ, உருண்டாலோ, 'பால்' என்று வைத்துப் பாருங்கள். நம் நாட்டு டி.வி. முறை அதுதான், 'என்.டி.எஸ்.சி.' என்பது அமெரிக்கா, ஜப்பான் முறை.

என் பிறந்த வீட்டில் 1987-ல், ராமாயணம் தொடர் வந்த சமயம் வாங்கிய, கதவு வைத்த கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தது. அதில் ஆன்டெனா ஓட்டையைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. அப்படிப்பட்ட பெட்டி யாரிடமாவது இருந்தால் 'ஆர்.எஃப். மாடுலேட்டர்' என்ற பெட்டி வேண்டும். மூன்று ஒயரை அதில் செருகி, அதிலிருந்து ஆன்டெனா ஓட்டைக்குக் கொடுத்து, அதில் குறித்திருக்கும் சேனலுக்கு டி.வி.யைத் திருப்ப வேண்டும். படம் வந்து சத்தம் மட்டும் இரைந்தால், அது வேறு நாட்டு முறைக்குச் செய்தது என்று அர்த்தம். கடைக்காரரிடம் 'பால் பி/ஜி' என்று கேட்டு வாங்குங்கள்.

புது பிளேயர் சிலவற்றில் தட்டையான 'எச்.டி.எம்.ஐ.' ஓட்டை மட்டுமே இருக்கும். அதற்கு 'எச்.டி.எம்.ஐ. டு ஏ.வி.' மாற்றி வேண்டும். 'ஏ.வி. டு எச்.டி.எம்.ஐ.' என்று ஒன்றும் அதே விலையில், அதே சாயலில் கிடைக்கும். அது தலைகீழ் வேலை செய்வது, நமக்கு உதவாது. பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பழைய டி.வி.யில் போட்டால் படம் மட்டமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். நம் 'பால்' முறை டி.வி. படத்தில் 576 வரிகள். டி.வி.டி. தட்டிலும் அதே 576 வரிகள்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று செய்த மாதிரி. ஹாலில் இருக்கும் பெரிய டி.வி.யைவிட அத்தையின் டி.வி.யில்தான் எங்கள் கல்யாணம் கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

கைக்குழந்தை, தவழும் குழந்தை உள்ள தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பழைய டி.வி. சுமார் 20 கிலோ கனம், அதுவும் கனமெல்லாம் முன்பக்கக் கண்ணாடியில். ஆடும் ஸ்டூலிலோ, இழுப்பறை வைத்த அலமாரி மேலோ வைத்தால், குழந்தை பிடித்து ஏறும்போது முன்னால் கவிழும். தொங்கும் ஒயரை இழுத்தாலும் ஆபத்து. அகலமான, உறுதியான, தாழ்ந்த மேஜையில் சுவரை ஒட்டி வையுங்கள். ஒயர்களைச் சேர்த்து ரிப்பனால் கட்டிப் பின்னால் ஒதுக்கிவிடுங்கள். இடி மின்னல் நேரத்தில் பிளக்கோடு கேபிள் ஒயரையும் கழற்றிவிடுவது நல்லது.

கடைசியாக, முக்கியமாக ஒன்று. நாமாகப் பதிவு செய்யும் தட்டுகளில் பதிவு இருப்பது ஒரு சாயத்தில்தான். வெயிலும் வெப்பமும் பட்டால் அது மெல்ல மங்கிவிடும். பரணும் ஜன்னலோரமும் அதற்கு ஆகாது. உறையில் போட்டு, நிமிர்த்தி, பீரோவுக்குள் வையுங்கள். அன்று 'நோ டிஸ்க்' என்று வந்ததே, அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அந்த வாரமே ஸ்டுடியோவில் கொடுத்துப் பென் டிரைவில் ஒன்று, புதுத் தட்டில் ஒன்று என்று பிரதி எடுத்துவிட்டேன். ஒன்றை என் நாத்தனார் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் பீரோவுக்குள் இப்படி ஒரு தட்டு இருக்கும். பார்க்க ஆசைப்படும் ஒரு பெரியவரும் இருப்பார். "அவர் வரட்டும், பையன் வரட்டும்" என்று காத்திருக்காதீர்கள். பிளக்கை உருவுங்கள், போட்டோ எடுங்கள், மஞ்சளுக்கு மஞ்சள் செருகுங்கள். மிஞ்சிப் போனால் நீலத் திரைதானே வரும்?

இப்போதெல்லாம் புதன்கிழமை மதியமானால் அத்தை குரல் கொடுக்கிறார்கள். "வேலை முடிஞ்சுதா தாயி? உங்க மாமாவைக் கொஞ்சம் வரச் சொல்லேன்."